மீன் வைக்காத ஃபிரிட்ஜ்

காத்திருந்தால் ஒரு பொருள் கெட்டுத்தான் போகும் என்றில்லை, நன்றாகவும் ஆகலாம் என்பது எனக்கு முதன்முதலில் உறைத்தது கோட்டைக்குப்பம் கரையில், இறால் ஏலத்துக்கு நடுவில். பொங்கல் கழிந்த வாரம். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். நைனாவின் பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. வெயில் ஏற ஏற வியாபாரிகள் கேட்கும் விலை இறங்கிக்கொண்டிருந்தது. என் கையில் ஓர் ஆப்பிள். கடித்தேன். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. பக்கத்தில் நண்டுக் கூடையோடு நின்றிருந்த அக்கா மூக்கைச் சுருக்கி, "இன்னாடி வாசன இது, செண்டு கிண்டு அட்ச்சிக்கினு வந்தியா?" என்றாள்.

இந்த ஆப்பிள் வந்த மரப்பெட்டியிலேயே வந்த இன்னொரு பழத்தைத் தீபாவளி சமயத்தில் கடித்திருந்தேன். துடுப்பைக் கடித்த மாதிரி இருந்தது. அதே மரம், அதே பெட்டி. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: யாரும் அதைத் தொடவில்லை.

எங்கள் ஊரில் தொடாமல் விட்டால் எல்லாம் நாறும். விடியலில் பிடித்ததை வெயில் தலைக்கு வருவதற்குள் தள்ளிவிட வேண்டும். ஓடு, தூக்கு, ஐஸ் போடு, கொடுத்துவிடு. பிறந்ததிலிருந்து இந்த நாலு வார்த்தைக்குள் வளர்ந்தவள் நான். அங்கே நின்றுகொண்டு, நாளாக நாளாக இனிக்கும் ஒரு பொருளை மென்றபோது, தலைக்குள் எதுவோ திறந்துகொண்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

"வாய மூடு, பொட்டிய மூடு, ஐஸு ஓடுது பாரு!" என்று நைனா கத்தினார்.

அந்தப் பழத்தைக் கொடுத்தவர் எங்கள் எதிர்வீட்டு மெக்கானிக் மாமா.

அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை. கிழிந்த தார்ப்பாய் ஒன்றின் அடியில் உட்கார்ந்து ஃபைபர் படகுகளின் இன்ஜின்களைப் பிரித்துப் பிரித்து மாட்டுவார். எங்கள் ஊர் இன்ஜின்களோடு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி, அவர் சொல்வதும் ஒரே பதில்.

"இன்னா மெக்கானிக், ஆச்சா?"

"ஆவட்டும்."

"எப்போ ஆவும்?"

"ஆவும்போது ஆவும்."

"மீனு எனக்காவக் காத்துக்கினு நிக்குமாய்யா?"

"நிக்காதுதான். அது மீனோட கொணம். அதுக்கு நான் இன்னா பண்றது?"

அவர் காத்திருந்ததில் சில சமயம் காரணம் இருந்தது. கார்புரேட்டரை ராத்திரி முழுக்க ஊறவிட்டால்தான் உப்பு விடும் என்பார், அது சரிதான். சில சமயம் சுத்தமான சோம்பேறித்தனம். ஸ்பார்க் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு பழவேற்காடு ஏரியில் நிற்கும் பூநாரைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். எது எந்த ரகம் என்று அவருக்கே தெரியாது என்பது என் எண்ணம். கடலில் சங்கரா மீன் கூட்டம் வந்த ஒரு நாள் எங்கள் இன்ஜின் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மற்றவர்கள் படகு நிறைய அள்ளிக்கொண்டு வருவதை நைனா கரையில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு எதிர்வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவே அவருக்கு வெகுநாள் பிடித்தது.

அத்தையைக் கேட்டால் இன்னும் சொல்வாள். மாமாவின் மனைவியை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்பவள். வாய் அரிவாள்மனை. "இந்தாளு எனக்குத் தாலி கட்டறதுக்குள்ள நாயனக்காரன் ரெண்டு தடவ மூச்சு மாத்திக்கினான்டி. முடிச்சு ஆவட்டும்னு ஒக்காந்துக்கினு கீறாரு!"

ஆப்பிள் கதை காஷ்மீரில் ஆரம்பிக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால், இளவட்டமாக இருந்தபோது, ஒரு காண்ட்ராக்டரோடு அங்கே போயிருக்கிறார். மலைகளுக்கு நடுவில் ஒரு ஏரி, அதில் ஓடும் மோட்டார் படகுகளுக்கு இன்ஜின் பார்க்கும் வேலை. "நம்ம ஏரி மாரியே பெருசு. ஆனா உப்பு இல்ல, அல இல்ல. கண்ணாடி வச்ச மாரி. எனக்கு அதுல கால் வைக்கவே கூச்சமா இருந்துச்சு" என்பார். பனி விழத் தொடங்கியதும் படகுகள் நின்றன. காண்ட்ராக்டர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான். ஊர் திரும்ப வழி தெரியாமல் நின்றவரை, அவர் இன்ஜின் சரிபார்த்துக் கொடுத்த ஒருவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பழத்தோட்டக்காரர். மாமா அவரைப் 'பாய்' என்பார், நாங்களும் அப்படியே. குளிர்காலம் முழுக்க சோறு போட்டு, போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுத்து, சொந்தத் தம்பி மாதிரி வைத்துக்கொண்டாராம்.

அந்த வீட்டில்தான் மாமா அம்ப்ரியைப் பார்த்திருக்கிறார். கடையில் கிடைக்கிற பளபளப்பு ஆப்பிள் இல்லை அது. கொஞ்சம் நீண்ட வாகு, பச்சை மேல் சிவப்பு தேய்த்துவிட்ட மாதிரி கோடு கோடாக இருக்கும். மற்ற ஆப்பிள் எல்லாம் எங்கெங்கிருந்தோ வந்து அந்த மலையில் குடியேறியவை, இது மட்டும் அந்த மண்ணோடு பிறந்தது, முதல் மரத்தை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது என்று பாய் சொல்லியிருக்கிறார். நட்டால் சீக்கிரம் காய்க்காது. காய்த்தாலும் ஒரு வருஷம் கொட்டும், மறு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மற்ற ரகமெல்லாம் பழுத்த பிறகு கடைசியில்தான் பழுக்கும். பறித்ததும் தின்ன முடியாது. மண் சுவர் வைத்த அறையில், காய்ந்த புல்லில் அடுக்கடுக்காகப் பொதிந்து வைத்தால், வெளியே பனி உருகுவது வரை இருக்கும். இருக்க இருக்க மணக்கும்.

"பொறந்ததுலேர்ந்தே அவசரம் இல்லாத மரம்" என்று மாமா சொல்லும்போது, சொந்தக்காரரைப் பற்றிச் சொல்கிற பெருமை குரலில் இருக்கும்.

அந்தப் பழத்தைக் கத்திரிக்காயோடு போட்டுக் குழம்பு வைப்பார்களாம். வெட்டி, நூலில் கோத்து, வெயிலில் காயவைத்துப் பனிக்காலத்துக்கு எடுத்து வைப்பார்களாம். "நம்ம கருவாடு போட்டா, அவன் ஆப்பிளக் கருவாடு போட்றான், அவ்ளோதான்" என்பார் மாமா.

அவர் ஊருக்கு வந்த பிறகும் பாய் விடவில்லை. வருஷா வருஷம் தீபாவளியை ஒட்டி, கோயம்பேட்டுக்கு வரும் பழ லாரி ஒன்றில் ஒரு மரப்பெட்டியை ஏற்றிவிடுவார். மாமா போய் எடுத்துக்கொண்டு, பொன்னேரியில் பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டு வருவார். முதல் தடவை அவர் வீடு வீடாகப் பழம் கொடுத்தபோது தெருவே பதறியதாம். எங்கள் பக்கம் ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரி. யாராவது படுத்தால்தான் வாங்குவோம். "யாருக்கு இன்னா ஆச்சு? ஜல்தி சொல்லு மெக்கானிக்!" என்று என் அம்மா வாசலுக்கு ஓடியிருக்கிறாள்.

பழத்தை எப்படி வைப்பது என்று தெரியாமல் அந்த வருஷம் அவர் செய்ததை, எங்கள் ஊரைத் தவிர வேறு எந்த ஊரிலும் செய்திருக்க மாட்டார்கள். தெர்மகோல் பெட்டியில் ஒரு அடுக்கு ஆப்பிள், ஒரு அடுக்கு உடைத்த ஐஸ், மேலே ரெண்டு பிடி கல்லுப்பு. வஞ்சிரத்துக்குச் செய்கிற மரியாதை. ஒரு வாரம் கழித்துத் திறந்தால், தோல் கருத்து, உள்ளே பழுப்பாகி, ஒவ்வொரு பழமும் சங்கரா மீன் வாசனையோடு கிடந்தது. அத்தை ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, "செதில் மட்டும்தான் இல்ல" என்றாளாம்.

அதற்கு அப்புறம்தான் ஃபிரிட்ஜ் வந்தது. பழைய இரும்புக் கடையில் கிடந்ததைத் தூக்கிவந்து, தானே கேஸ் அடைத்து, தானே ஒயர் மாற்றி உயிர் கொடுத்தார். ஒரே ஒரு சட்டம் போட்டார்: அதில் மீன் வைக்கக் கூடாது. இறால், நண்டு, கருவாடு, நேற்று வைத்த குழம்பு, எதுவும் கூடாது.

"மீன் விக்கறவ வூட்டு ஃபிரிட்ஜில மீன் வைக்கக் கூடாதாம்! வெளிய சொன்னா சிரிப்பாங்கடி" என்று அத்தை தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். ஆனால் வைத்ததில்லை.

எங்கள் ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முறை வைக்கும். அதற்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாத நாளில் வலையை இறக்க முடியாது. மாமா ஆப்பிளுக்கும் பாடு வைத்தார். பெட்டி வந்ததும் தெரு வீடுகளின் பெயரை எழுதிச் சுருட்டி, என்னை எடுக்கச் சொல்வார், அந்தக் கூலிக்கு எனக்கு அன்றைக்கே ஒரு பழம். முதலில் வருகிற வீட்டுக்கு முதல் வாரம். அவர்கள் பாவம், துடுப்பைக் கடிக்க வேண்டும். கடைசியில் வருகிற வீடு யோகக்கார வீடு. "எங்க பாடு மாசிலதான்" என்று பீற்றிக்கொள்வார்கள். முந்தி வேண்டும் என்று சண்டை போடுகிற ஊரில், ஆப்பிளுக்கு மட்டும் பிந்தி வேண்டும் என்று சண்டை. எல்லாம் முடிந்து மிஞ்சுகிற கடைசிப் பழம் மாமாவுடையது. அதைத் தின்ன அவசரப்படவே மாட்டார். பங்குனி வெயிலில்கூட ஃபிரிட்ஜைத் திறந்து, பார்த்து, மூடுவார்.

எனக்கு இதெல்லாம் தலையில் ஏறிவிட்டது. நூலகத்தில் தேடினேன், போனில் தேடினேன். பறித்த பிறகும் ஆப்பிள் மூச்சு விடுகிறது, அந்த மூச்சில் ஒரு வாயு இருக்கிறது, அதுதான் பழுக்க வைக்கிறது, குளிரில் மூச்சு மெதுவாகிறது என்றெல்லாம் மூச்சு விடாமல் மாமாவிடம் ஒப்பித்தேன்.

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "மூச்சு வுடுதா?"

"ஆமா மாமா."

"அப்போ உயிரோட கீது."

அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

நான் பொன்னேரியில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு தீபாவளிக்குப் பெட்டி வரவில்லை. லாரிக்காரனைக் கேட்டால் தெரியாது என்றான். பாயின் நம்பருக்குப் போட்டால், உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று பாஷையில் சொன்னது.

"எட்ப்பான். ஆவட்டும்" என்றார் மாமா.

கார்த்திகை வந்தது. தெருவில் ஆப்பிள் பாடு இல்லாத முதல் கார்த்திகை. ஃபிரிட்ஜில் போன வருஷத்துக் கடைசிப் பழம் மட்டும் இருந்தது, உருது செய்தித்தாளில் சுற்றி. வழக்கமாகச் சித்திரைக்குள் தின்றுவிடுவார். அந்த வருஷம் ஏனோ தள்ளிக்கொண்டே போயிருந்தார். தோல் சுருங்கி உள்ளங்கை மாதிரி ஆகியிருந்தது. ஆனால் அழுகவில்லை.

"மாமா, அந்த ஊர்ப் பேரு சொல்லுங்க. பக்கத்துல கடை, ஸ்கூல் எதாவது நம்பர் தேடி எடுத்துர்லாம். அரை மணி நேரம் போதும்" என்றேன். கையில் போன். எனக்குக் கால் நிற்கவில்லை.

"வாணாம்."

"ஏன்?"

"தேடாத பாப்பா. தேடுனா எதனா தெரிஞ்சுரும்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "தெரியாத வரிக்கும் அவன் நல்லா கீறான்."

அதுவரை அவருடைய ஆவட்டும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. அன்றைக்குப் போனை அணைத்து உள்ளே வைத்துவிட்டேன்.

மார்கழி பிறக்கும் முன் புயல் வந்தது. கரன்ட் போயிற்று. எங்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ரேஷன் கார்டு, சர்டிபிகேட், ஆடு, டிவி என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம். மாமா மடியில் சின்ன தெர்மகோல் பெட்டி. உள்ளே ஐஸ் பாட்டில்கள், அதற்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் அந்தப் பழம். கணக்கெடுக்க வந்த பையன், "மருந்தாண்ணே? இன்சுலினா?" என்று பரிவாகக் கேட்டான்.

"ஆப்பிளு" என்றார் மாமா.

பையன் அத்தையைப் பார்த்தான். அத்தை சுவரைப் பார்த்தாள்.

வெளியே காற்று கூரைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அவ்வப்போது மூடியை ஒரு விரல் அளவு திறந்து, மூக்கை வைத்து, மூடினார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வாசன வருது" என்றார் மெதுவாக. "நீதான சொன்ன, மூச்சு வுடுதுன்னு. இது கீற வரிக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

நான் சொன்னது அறிவியல். அவர் அதைச் சாமி வாக்காக்கி மடியில் வைத்திருந்தார். அத்தைக்கும் காதில் விழுந்தது.

புயல் வடக்கே போய்விட்டது. எங்கள் படகு தப்பியது. ஃபிரிட்ஜும் தப்பியது. தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமா வீட்டுப் பக்கமிருந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. அந்த வாசனைக்கு நான் அழைப்பு எதிர்பார்ப்பதில்லை. போய் உட்கார்ந்தேன். அத்தை தட்டு வைத்தாள். வழக்கமாக என்னை ஒரு வார்த்தையாவது நக்கல் பண்ணுவாள், அன்றைக்குக் குழம்பை ஊற்றிவிட்டு மாமாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா பிசைந்து ஒரு வாய் வைத்தார். கத்திரிக்காய்க்கு நடுவே வேறெதுவோ கடிபட்டது.

"மாங்காயா? தையில ஏது மாங்கா?"

"மாங்கா இல்ல" என்றாள் அத்தை.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். எச்சில் கையோடு எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. மேல் தட்டில் உருதுக் காகிதம் மட்டும் மடித்து வைத்திருந்தது.

அவர் கத்துவார், தட்டை எறிவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி நின்று அத்தையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அத்தை அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "அது கீற வரிக்கும் நீ போவ மாட்ட. அத்தப் பாத்துக்கினே ஒக்காந்துக்கினு இருப்ப. ஒரு குளிரு முச்சூடும் சோறு போட்டவன்யா அவன். கீறானா இல்லியான்னு போய்ப் பாக்க மாட்டியா? இப்போ போ."

மாமா வந்து உட்கார்ந்தார். மிச்சச் சோற்றை அவருக்கே உரிய வேகத்தில் தின்றார். தட்டில் ஒதுங்கியிருந்த ஆப்பிள் துண்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்துத் தின்றார். கைகழுவிவிட்டு வந்து என்னிடம், "டெல்லி ரயிலுக்கு நாளைக்கே டிக்கெட்டு கெடைக்குமா பாப்பா?" என்றார்.

நாளைக்கே. அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. தார்ப்பாய்க்கு அடியில் யாருடைய இன்ஜினோ பாதி திறந்து கிடந்தது. அதன் சொந்தக்காரர் மறுநாள் சாயங்காலம் வந்து, "ஆச்சா?" என்று கேட்டபோது, அத்தை, "அந்தாளே இல்ல, போயாச்சு" என்றாள். அவர் நம்பாமல் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

நைனாவின் குரங்குக் குல்லாயோடும், என் அண்ணனின் ஜெர்கினோடும் மாமா ரயிலேறினார். டெல்லி வரை போன் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது என்று அவர் கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அத்தையிடம் சொன்னேன். "சரி" என்றாள். ஆனால் மார்க்கெட்டில் மீன் வெட்டும்போதுகூடப் போனை மடியில் வைத்திருந்தாள்.

இப்போது காத்திருப்பது அவள் முறை. அவளுக்கு அது பழக்கமில்லை. குடத்தை வைத்த இடம் மறந்தாள். சில்லறையை மாற்றிக் கொடுத்தாள். ஒருநாள் என்னிடம், "அவசரப்பட்டுட்டனோடி? அங்கப் போயி அவன் இல்லன்னு ஆயிட்டா, இந்தாளு எப்டி ஒத்தையா திரும்பி வருவாரு?" என்றாள். ஒன்று மட்டும் கவனித்தேன். வெயில் ஏறி மீன் மிஞ்சிப்போகிற நாளில்கூட அந்தக் காலி ஃபிரிட்ஜில் அவள் எதையும் வைக்கவில்லை. மிச்சத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு காலை தெரியாத நம்பரிலிருந்து என் போனுக்கு வீடியோ கால் வந்தது. எடுத்தபோது திரை முழுக்க வெள்ளை. பனி. அப்புறம் ஒரு குரங்குக் குல்லாய். அதன் கீழே மாமாவின் மூக்கு, சிவந்து. தெரு தாண்டி ஓடினேன். அத்தை போனைப் பிடுங்கினாள்.

"கீறானா?"

"சாவலடி" என்றார் மாமா. "வெக்கப்பட்டுக்கினு கீறான்!"

போனை ஆட்டி ஆட்டிப் பக்கத்தில் நின்றவரைக் காட்டினார். கால்வரை தொங்கும் கம்பளி அங்கியில், வெள்ளைத் தாடியோடு ஒருவர், பல்லில்லாத வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமா விஷயத்தைச் சொன்னார். பாயின் மகன்கள் பழைய அம்ப்ரி மரங்களை வெட்டிவிட்டு, கம்பி கட்டி வளர்க்கிற குட்டை ரகம் வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் காய்க்கும், சீக்கிரம் விற்கும். தப்பில்லை, அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் பாய்க்கு அந்தப் பழத்தை அந்தப் பெட்டியில் அடைத்து அனுப்ப மனம் வரவில்லை. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்துப் போன் தண்ணீரில் விழுந்து அவருடைய பழைய நம்பரும் போய்விட்டது. புது நம்பரிலிருந்து கூப்பிடலாம் கூப்பிடலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"உன்னாட்டமே ஒருத்தன்" என்றாள் அத்தை. அப்புறம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "குல்லாய நல்லா காது மூடப் போட்டுக்க. இன்னா பராக்குப் பாத்துக்கினு கீற?"

எல்லா மரமும் போகவில்லை என்றும் மாமா சொன்னார். வீட்டுக்குப் பின்னால் ஒன்று நிற்கிறது, அதுவும் போன பருவத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். துணி காயப்போடுகிற கயிறு அதில் கட்டியிருந்ததால் மருமகள் வெட்ட விடவில்லையாம். பனி உருகியதும் அதிலிருந்து குச்சி எடுத்து இளங்கன்றுகளில் ஒட்டப் போகிறார்களாம். "அது வரிக்கும் இருந்துட்டு வரேன். ஒட்டுன எடத்துல டேப்பு சுத்த ஆளு வேணும்."

"எப்போ காய்க்கும்?" என்று கேட்டேன்.

"அம்ப்ரிமா. ஆவும்போது ஆவும்."

போனை வைத்ததும் அத்தை கூடையிலிருந்து மூன்று பெரிய வஞ்சிரத் துண்டுகளை எடுத்தாள். நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, மேல் தட்டில், அந்த உருதுக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, "நாத்தம் புடிச்சா புடிக்கட்டும்" என்றாள்.

அவர் ஒட்டுக் கட்டிவிட்டு வந்து, பாதி திறந்த இன்ஜினை மூடிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் அத்தையையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனார். அந்த ஏரிப் படகுகள் அவரை விடவில்லை. பாயும் விடவில்லை. இப்போது வருஷத்தில் பாதிக்கு மேல் அங்கேதான். தார்ப்பாய் இருந்த இடத்தில் வேறொரு மெக்கானிக் இருக்கிறான், கையோடு முடித்துக் கொடுத்துவிடுகிறான். எல்லோருக்கும் நிம்மதிதான். ஆனாலும் நைனா சில சமயம் அங்கே போய் நின்று, "இவன்கிட்ட நின்னு பேசறதுக்கே டைம் கெடைக்க மாட்டேங்குது" என்று குறைப்படுகிறார்.

ஃபிரிட்ஜ் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, நாள்கணக்கில் கதவைத் திறந்து காயவிட்டேன். இந்தத் தீபாவளிக்குக் கயிறு கட்டிய மரத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. தெருவில் மறுபடி சீட்டு. எங்களுக்கு மாசி. அம்மா இப்போதே பீற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

பெட்டி வந்த அன்று அத்தையிடம் போனில் என் பழைய பாட்டைப் பாடினேன். அவர்களிடம் காத்திருக்கிற பொருள் இருக்கிறது, நம்மிடம் எல்லாம் அன்றன்றைக்கே போய்விடுகிறது, திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லையே என்றேன்.

"நீ படிச்ச லட்சணத்தப் பாரு! கருவாடு இன்னாடி அப்போ? அது காத்துக்கினு இல்லியா? இங்க மீனு எல்லாம் சப்புனு கீது. பாய் அந்தக் குழம்பக் கேட்டுக் கேட்டு உசுர எட்க்கறாரு. நெத்திலி அனுப்புடி."

முதலில் பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பப் பார்த்தேன். லாரி ஆபீஸ்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் போகிற காலிப் பழப்பெட்டிகளோடு இதை ஏற்ற மாட்டேன் என்று விரட்டிவிட்டார். பால் பவுடர் டின்னில் போட்டு மெழுகு உருக்கி ஊற்றினேன். வெயிலில் மெழுகு இளகி, பொன்னேரி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார்.

இப்போது வேறு யோசனை. படகில் ஓட்டை விழுந்தால் எப்படி அடைக்கிறோம்? ஃபைபர் துணி வைத்து ரெசின் பூசி. கடலே உள்ளே வராத அடைப்பு. கருவாட்டு வாசனை எப்படி வெளியே வரும்? நேற்று லைட்ஹவுஸ் குப்பத்துப் படகுப் பட்டறையிலிருந்து ஒரு டப்பா ரெசின் கேட்டு வாங்கி வந்தேன். டின் மூடியின் விளிம்பில் ஃபைபர் துணியைச் சுற்றி, ரெசின் பூசி, மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன். அதன் நெடியே தலையைச் சுற்றுகிறது. நெடி முழுக்கப் போனால்தான் லாரி ஆபீஸ் பக்கம் போக முடியும். அதற்குள் நாலு தடவை ஏறிப் போய் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

கீழேயிருந்து நைனா, "இன்னாடி, காஞ்சுதா? எப்பதான் அனுப்பப் போற?" என்று கேட்டார்.

"ஆவட்டும் நைனா" என்றேன்.